மேல் காந்தாரம்

கிரேஸுக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். சர்ச்சில் பாயில் உட்கார்ந்தால் கால் கட்டைவிரல் ஆடும். தூக்கத்தில்கூட அந்த விரல் ஆடுகிறது என்று அவள் புருஷன் தேசப்பன் சத்தியம் செய்வான். இப்படிப்பட்டவளைப் பிடித்து, நாளெல்லாம் ஒரே ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரே சத்தத்தைக் கேட்கச் சொன்னால் என்ன ஆகும்? வம்புதான் ஆகும். ஆயிற்று.

அது எழுபத்து நாலாம் வருஷம். புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிற வழியில், வயலாக இருந்த இடத்திலெல்லாம் ஷெட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அதில் ஒரு ஷெட்டில் ஆசிலேட்டர் செய்தார்கள். ரேடியோ ரிப்பேர்காரர்களும் காலேஜ் லேபுகளும் வாங்குகிற பெட்டி அது. குமிழைத் திருப்பினால் மின்சாரத்தில் 'ஊ' என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். கிரேஸ் அங்கே டெஸ்டிங் பெஞ்சில் இருந்தாள். ஒவ்வொரு பெட்டியையும் ஊத விட்டு, மீட்டரைப் பார்த்து, சரியாக ஊதினால் வலது பக்கம் தள்ள வேண்டும். சுருதி பிசகினால் உள்ளே இருக்கும் போர்டைக் கழற்றி ரிஜெக்ட் கூடையில் போட வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது பெட்டி, அறுபது 'ஊ'. மூன்றே மாதத்தில் அவளுக்குப் பேஜாராகிவிட்டது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ரிஜெக்ட் கூடையிலிருந்து இரண்டு போர்டுகளை எடுத்துச் சும்மா ஒன்றாக ஊத விட்டாள். ஒன்று ஷட்ஜம், இன்னொன்று பஞ்சமம். அவள் தேடி எடுக்கவில்லை, அதுவாக அமைந்தது. ஞாயிறு பள்ளியில் உபதேசியார் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஸரிகம சொல்லிக் கொடுத்தது அவளுக்கு மறக்கவில்லை. இரண்டு ஸ்வரமும் சேர்ந்து ஒலித்தபோது கட்டைவிரல் ஆட்டத்தை நிறுத்தியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

எட்டு மாதத்தில் அவள் ஒரு மெஷின் கட்டிவிட்டாள். எல்லாம் கழித்துப்போட்ட சாமான். ஒன்பது ரிஜெக்ட் போர்டுகள், ஆளுக்கு ஒரு ஸ்வரம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திருகாணி. அதைத் திருகித்தான் சுருதி சேர்க்க வேண்டும். பழைய ரேடியோ ஸ்பீக்கர் ஒன்று. அப்புறம் ஒரு பெரிய பெயிண்ட் டின். இந்த டின்தான் விசேஷம். டின்மேல் காகிதம் சுற்றி, காகிதத்தின்மேல் செப்புத் தகட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டியிருந்தாள். டின்னைக் கிராமபோன் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மேலே ஒன்பது கம்பி விரல்கள் உரசிக்கொண்டிருக்கும். எந்த விரலுக்குக் கீழே தகடு வருகிறதோ அந்த ஸ்வரம் பாடும். தகடு நீளமென்றால் ஸ்வரம் நீளம், குட்டையென்றால் குட்டை. ஒரு விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு சுற்று முடிய ஒன்றரை நிமிஷம்.

ஆக, அவள் பாட்டுக் கட்டியது பேனாவால் அல்ல, கத்தரிக்கோலால். வாய்க்குள் பாடிப் பார்ப்பாள். இடது கைப் பெருவிரல் நகம் பெஞ்சின் விளிம்பில் மெல்ல நகரும். பாட்டு நின்ற இடத்தில் நகம் நிற்கும். அந்த நீளத்துக்குத் தகட்டை வெட்டுவாள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்க வேண்டுமென்றால் குறுக்கே ஒரு கண்டென்சரைப் பற்றவைத்துவிடுவாள். ஸ்கேலை அவள் தொட்டதே இல்லை. தொண்டையில் வராத ஸ்வரத்தைத் தகட்டில் வெட்ட முடியாது என்பது அவள் கண்டுபிடித்த ஒரே சட்டம்.

டெஸ்டிங் செக்ஷன் சூப்பர்வைசர் ராமபத்ரனுக்கு இதெல்லாம் தெரியும். திருவள்ளூர்க்காரர், பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். தினமும் பெரியபாளையம் வழியாக பஸ் மாறி வேலைக்கு வருவார். நெற்றியில் ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம், டிபன் காரியரில் தயிர்சாதம், வாயில் சதா ஏதாவதொரு ராகம். நல்ல மனுஷர். பெஞ்சுக்கு அடியில் ஒரு மெஷின் வளர்வதைக் கண்டும் காணாதவர் மாதிரி நடந்துகொண்டார்.

ஆனால் ஸ்டோரில் கணக்கெடுத்தபோது ஒன்பது போர்டு குறைந்தது. விஷயம் முதலாளி துளசிராமன் காதுக்குப் போயிற்று. அவர் கோபிக்கவில்லை. நேராக பெஞ்சுக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்ன பண்ணும்?"

"பாடும் சார்," என்றாள் கிரேஸ்.

"என்ன பாடும்?"

"ராகம் சார். நானே கட்டிக்கினு இருக்கேன்."

துளசிராமன் ராமபத்ரனைப் பார்த்தார். ராமபத்ரன் கூரையைப் பார்த்தார். "சரி," என்றார் முதலாளி. "இன்னும் பன்னிரண்டு நாள்ல ஆயுத பூஜை. மெட்ராஸ்லேர்ந்து டீலர்கள் வராங்க, சங்கீத சபா செக்ரட்டரி ஒருத்தரும் வரார். அவங்க முன்னால இதைப் பாட வை. சங்கீதம்னு அவங்க ஒத்துக்கிட்டா லேபுல உனக்கு ஒரு மேஜை, இந்த மெஷினோட. பெஞ்ச் வேலை வேண்டாம். இல்லேன்னா மறுநாள் காலைல பிரிச்சுப் போர்டையெல்லாம் ஸ்டோர்ல ஒப்படைச்சுடணும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால்? மெஷின் போனால் திரும்பவும் அறுபது 'ஊ'. அதை நினைத்தாலே உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

ராகம் எதுவென்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மோகனம். அவளுக்கு ராகங்கள் தெரிந்தது கச்சேரியிலிருந்து அல்ல, சர்ச்சுக் கீர்த்தனைப் புத்தகத்திலிருந்து. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் தலைமேல் ராகமும் தாளமும் அச்சடித்திருக்கும். 'இராகம்: மோகனம், தாளம்: ஆதி' என்று போட்ட ஒரு பாட்டை அவள் தொட்டில் பருவத்திலிருந்து கேட்டிருக்கிறாள். அந்தப் பாட்டை அப்படியே எடுத்து வைக்கவில்லை. அதன் ஸ்வரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தமாக ஒன்றரை நிமிஷம் கட்டினாள். கீழே ஆற அமர நடந்து, மெல்ல ஏறி, உச்சியில் ஒரே எகிறாக எகிறி, அங்கே மூச்சுப் பிடித்து நின்று, இறங்கும். எகிறுகிற அந்த இடத்துக்கு மட்டும் இருப்பதிலேயே நீளமான தகடு. அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் கட்டைவிரல் நின்றுவிடும். சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அவளுக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ராமபத்ரனைக் கூப்பிட்டு மெஷினை ஓட விட்டாள். அவர் தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலை மெல்ல ஆடியது. உச்சி வந்தது. தலை நின்றது, கண் திறந்தது.

"என்ன ராகம்னு சொன்னே?"

"மோகனம் சார்."

"யார் சொன்னா?"

"புஸ்தகத்துல போட்டுக்கீது சார்." பையிலிருந்து கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள்.

ராமபத்ரன் வாங்கிப் பார்த்தார். "போட்டிருக்கு. ஆனா நீ பண்ணியிருக்கறது மோகனம் இல்லைம்மா. கீழ் ஸ்தாயி மோகனம்தான், அப்பழுக்கு இல்லை. மேல போனா ஸ, ரி-க்கு அப்புறம் வர 'க', காந்தாரத்தைக் காணோம். ரிஷபத்துலேர்ந்து ஒரே தாவா மத்யமத்துக்குத் தாவறது. அங்கே அது சுத்த சாவேரி மாதிரி ஆயிடறது. கீழ ஒண்ணு, மேல வேறொண்ணு. இப்படி ஒரு ராகமே கிடையாது."

"எங்க பக்கம் மூணு ஊரும் அப்டித்தான் சார் பாடுது."

"அப்போ மூணு ஊரும் தப்பாப் பாடறேள்."

சொன்ன தொனியில் கேலி இல்லை. மீட்டர் முள்ளைப் படித்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். மனுஷர் எதிலும் விட்டுக்கொடுப்பார், ராகத்தில் மட்டும் மயிரிழை விடமாட்டார். ஆனால் கிரேஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தன்னைத் தப்பு என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். நைனா, அம்மா, செத்துப்போன அத்தை, களத்துமேட்டில் நின்று பாடிய அத்தனை பேரையும் சேர்த்துத் தப்பு என்றால்? அவள் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"நான் சொல்றதை சபாக்காரர் மட்டும் சொல்லாம விடுவாரா?" என்றார் ராமபத்ரன், இறங்கிய குரலில். "மெஷின் போயிடும், கிரேஸ். எனக்கு அதான் கவலை."

சாயங்காலம் கவரைப்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடந்தவள், அடுப்புப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். ரோலிங் மில்லில் லோடு ஏற்றும் வேலை முடிந்து தேசப்பன் வந்து குந்தினான். இந்த தேசப்பன் அம்மன் கோயிலுக்கும் போகமாட்டான், சர்ச்சுக்கும் வரமாட்டான். கேட்டால் ரெண்டு பேருக்கும் பொதுவா ஊட்டுல கீறேன் என்பான்.

"இன்னா கிரேஸு, காலு இன்னிக்கு ரொம்ப ஓவரா ஆடிக்கினு கீது?"

அவள் சொன்னாள். அவன் பாதியில் புரியாமல் காதைச் சொறிந்தான். "மேல ஒரு எழுத்து இல்லன்றான் அந்த ஐயரு. அத்தினிதானே? போட்டுட்டுப் போயேன்."

"அது இல்லாமத்தான்யா நாம இத்தினி வருசமாப் பாடிக்கினு கீறோம்."

"அப்ப போடாத."

"போடலன்னா மெசினு பூடும்."

"அடப் போடி, ரெண்டு பக்கமும் நீயே பேசுற. எனக்கு நாஷ்டா வருமா வராதா?"

சனிக்கிழமை அரைநாள் வேலை. நேராக சர்ச்சுக்குப் போனாள். உபதேசியார் பாக்கியராஜ் மறுநாள் ஆராதனைக்காகப் பாய் உதறிக்கொண்டிருந்தார். சின்ன சபை, பெரிய மனுஷர்கள் கிடையாது. பாட்டு, பிரசங்கம், பாய் உதறுவது எல்லாம் அவர்தான். கிரேஸ் ஆர்மோனியத்தைத் திறந்து, துருத்தியை அழுத்தி, கீழிருந்து ஒவ்வொரு கட்டையாக வாசித்துக்கொண்டு போனாள். மேல் ஷட்ஜம். மேல் ரிஷபம். அடுத்த கட்டையை அமுக்கினாள். 'புஸ்' என்று காற்று வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"அது ஊமக் கட்டையாச்சே," என்றார் உபதேசியார் திரும்பிப் பார்க்காமலே. "அத விட்டுட்டுப் பக்கத்துக் கட்டைய அமுக்கு."

"எத்தினி நாளா ஐயா ஊம?"

"நாப்பத்து மூணு வெள்ளத்துல சர்ச்சுக்குள்ள தண்ணி பூந்துச்சாம்மா. எனக்கு முன்ன இருந்த உபதேசியாரு காலம். அந்த ரீடு துருப்பிடிச்சிப் போச்சு. அவரு இன்னா பண்ணாரு, அந்த எடம் வந்தா பக்கத்துக் கட்டைல கைய வெச்சிட்டாரு. பொட்டி எங்க போவுதோ அங்கதானே சபையும் போவும். நான் வந்தப்ப அதான் மெட்டுன்னு ஆயிப்போச்சு."

கிரேஸ் அந்தக் கட்டையைத் திரும்பத் திரும்ப அமுக்கினாள். புஸ், புஸ். முப்பத்தோரு வருஷமாக மூன்று ஊர் ஜனங்கள், கல்யாணத்திலும் சாவிலும் அறுவடையிலும், ஒரு துருப்பிடித்த தகட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானமாக இருந்தது. நம்ம ராகம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதெல்லாம் ஒரு ரிப்பேர்தானா? ராமபத்ரன் முகத்தில் எப்படி முழிப்பது?

"நீ கேட்டதும் நல்லதாப் போச்சு," என்றார் உபதேசியார். "அறுப்புப் பண்டிகை வருது. பொட்டிய மெட்ராசுக்கு எடுத்துக்கினுப் போயி சரி பண்ணிட்டு வந்துடறேன்." கிரேஸ் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மனசு ஏற்கெனவே கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டது.

ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. மேல் மத்திமம் போர்டின் திருகாணியைக் கொஞ்சம் திருகிக் காந்தாரத்துக்கு இறக்கினாள். இது அரை நிமிஷ வேலை. தகடுதான் படுத்தியது. அந்த நீளத் தகட்டில் காந்தாரம் வந்து நின்றபோது ரயில்வே கேட்டில் சங்கு ஊதுகிற மாதிரி இருந்தது. அங்கே சின்னச் சின்னதாக நாலு தகடு வேண்டும், ஸ்வரம் காந்தாரத்தைத் தொட்டுத் தொட்டு இறங்க வேண்டும். வெட்டுவதற்கு முதலில் தொண்டையில் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. ரிஷபத்திலிருந்து கிளம்பினால் தொண்டை தன்பாட்டுக்கு மத்திமத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பழகிய வீட்டில் யாரோ ஒரு படியைக் கூட்டி வைத்த மாதிரி ஒவ்வொரு தடவையும் கால் இடறியது.

விடுவாளா அவள்? குளிக்கும்போது பாடினாள். தண்ணீர் பிடிக்கும்போது பாடினாள். பஸ்ஸில் எளாவூர் செக்போஸ்டுக்குப் போகும் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றபோதெல்லாம் ஜன்னலோரம் முணுமுணுத்தாள். ஸ ரி க, ஸ ரி க, மேலே போ, தாவாதே, நில். ஒரு நாளைக்கு இருநூறு தடவைக்குக் குறையாது. தேசப்பன் இரண்டு நாள் பொறுத்தான், மூன்றாம் நாள் மில்லிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். "ஊட்டுக்கு வந்தா அந்த மூணு எழுத்துதான் தொரத்துது," என்றான்.

ஏழாம் நாள் தொண்டை பணிந்தது. உட்கார்ந்தால் காந்தாரம், எழுந்தால் காந்தாரம். அன்றைக்கே நீளத் தகட்டைப் பிய்த்தாள். பழைய செப்பு, பிய்க்கும்போது சுருண்டு முறிந்தது. அதிலிருந்தே நாலு துண்டு வெட்டி ஒட்டினாள். வேறு தகடு கிடையாது, இருந்ததே அவ்வளவுதான்.

ராமபத்ரன் கேட்டார். உச்சியில் இந்தத் தடவை அவர் தலை நிற்கவில்லை. "இதான் மோகனம்," என்றார். "ஒரு மின்சாரப் பெட்டி இப்படிப் பாடும்னு நான் நினைக்கலைம்மா." அவர் கண் கலங்கியிருந்தது. கிரேஸுக்கு உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் கட்டைவிரல் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ஆயுத பூஜையன்று ஷெட் முழுக்க மாவிலை. லேத்துக்குச் சந்தனம், டிரில்லிங் மெஷினுக்குக் குங்குமம், மீட்டருக்கெல்லாம் பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. கிரேஸின் பெயிண்ட் டின்னுக்கும் யாரோ சாமந்திச் சரம் சுற்றிவிட்டார்கள். கம்பி விரலில் மாட்டிக்கொள்ளப் போகிறதே என்று அவள் பதறி அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். டீலர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சபா செக்ரட்டரி விசிறி மடிப்பு அங்கவஸ்திரத்தோடு முன்வரிசையில். துளசிராமன் தலையசைத்தார். கிரேஸ் ஸ்விட்சைப் போட்டாள்.

ஒன்றரை நிமிஷம் ஒருத்தர் பொரி மெல்லும் சத்தம்கூட முன்வரிசையிலிருந்து வரவில்லை. டின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "மோகனம்!" என்றார் செக்ரட்டரி, தொடையில் தட்டிக்கொண்டு. "பேஷ். அந்த மேல் காந்தாரம் என்ன சுத்தம்! நம்ம ஊர் வித்வான்கள்கூட அங்கே கொஞ்சம் யோசிப்பா." டீலர்கள் கைதட்டினார்கள். துளசிராமன் எழுந்து வந்து, "மேஜை வர்ற திங்கட்கிழமை ரெடி," என்றார். ராமபத்ரன் தன் பங்குக்கு, "இனிமே உனக்கு ஸ்டூல் கிடையாது, நாற்காலி," என்று சொல்லிச் சிரித்தார். கிரேஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. வென்றுவிட்டாள், சந்தேகமே இல்லை.

பின்வரிசையில் செப்புக் கம்பிச் சுருள் சுற்றுகிற வைண்டிங் செக்ஷன் பெண்கள் பொரி கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மணியம்மாள் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மணியம்மாள் சர்ச்சுக்கு வருகிறவள் அல்ல. ஆனால் அவள் வீடு சர்ச்சுச் சுவருக்கு அடுத்த வீடு.

"நல்லாத்தான் கீது கிரேஸு. இன்னா ஒண்ணு, நம்ம ஊரு பாட்டாட்டம் ஆரம்பிச்சிது. நானும் வாயத் தொறந்துக்கினு இருந்தேன், அந்த எகிர்ற எடம் வரும்னு. அது வேற எங்கியோ பூடுச்சே."

"அது தப்பு மணியக்கா. இதான் சரி."

"அப்டியா?" என்று மணியம்மாள் ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டாள். "சரின்னா சரிதான்."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் நுழைந்ததுமே உபதேசியார் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஆர்மோனியம் பாலிஷ் போட்டுப் பளபளத்தது. மேல் காந்தாரக் கட்டை மட்டும் புது வெள்ளையாக இருந்தது. "ஊமக் கட்ட பேசுதும்மா. ஒன்னாலதான்," என்றார். அதைக் கொண்டாடுவதற்கென்றே அன்று அந்தப் பாட்டை எடுத்தார். கிரேஸ் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தொடையில் விரித்துக்கொண்டாள்.

பல்லவி கீழே நடந்தது. அனுபல்லவி ஏறியது. ஷட்ஜம், ரிஷபம். உபதேசியாரின் விரல் புதுக் கட்டையை அமுக்கியது. முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து மேல் காந்தாரம், கணீரென்று.

சபை அதைச் சட்டையே செய்யவில்லை. கிழவிகள், ஆம்பிளைகள், மடியில் பிள்ளை வைத்திருந்தவர்கள், நூறு நூற்றைம்பது தொண்டைகள் எப்போதும் போல ஒரே எகிறாக எகிறி மத்திமத்தில் போய் நின்றன. ஆர்மோனியம் கீழே தங்கிவிட்டது. அதனோடு தங்கிவிட்ட மனுஷக் குரல் ஒன்றே ஒன்று. அது கிரேஸின் குரல்.

அவள் வேண்டுமென்று பாடவில்லை. தொண்டை தானாகப் போயிற்று. பக்கத்தில் இருந்த கிழவி திரும்பி, யாரோ வெளியூர்க்காரியைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தாள். கிரேஸுக்குக் காது மடல் எரிந்தது. முதல் சரணத்தில் மறுபடி அந்த இடம் வந்தது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தாவப் பார்த்தாள். இருநூறு இருநூறு தடவையாகப் பழக்கிய தொண்டை விடவில்லை. காந்தாரத்தில் போய் அச்சடித்த மாதிரி நின்றது. எல்லோரும் மேலே நின்றார்கள். அவள் மட்டும் ஒரு படி கீழே, தனியாக, தப்பில்லாமல் பாடினாள்.

இரண்டாம் சரணத்தில் உபதேசியார் தோற்றுப்போனார். அந்த இடம் வந்ததும் ஒரு தரம் சபையைப் பார்த்தார், சிரித்துவிட்டார், விரலைப் பக்கத்துக் கட்டைக்கு மாற்றிக்கொண்டார். புதுக் கட்டை சும்மா கிடந்தது. பெட்டியும் ஜனங்களும் சேர்ந்து எகிறினார்கள். கிரேஸ் வாயை மூடிக்கொண்டாள். பிறந்து வளர்ந்த சபையில் அவள் பாடாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ராமபத்ரன் சொன்னது பொய்யில்லை. அது மோகனமும் இல்லை, வேறு ராகமும் இல்லை. தண்ணீர் பூந்த பெட்டி போட்ட மெட்டுதான். அதனால் என்ன? பெட்டியைச் சரி பண்ணின பிறகும் ஜனங்கள் அதைத்தானே பாடுகிறார்கள். இத்தனை பேர் தொண்டையில் இருப்பதை அவள் ஒருத்திதான், ஒரு மேஜைக்காக, கையால் பிய்த்துப் போட்டிருக்கிறாள்.

திருகாணியைத் திருப்பிவிடலாம், அது அரை நிமிஷ வேலை. தகட்டுக்கு நீளம் வேண்டுமே. அளவு எங்கும் எழுதி வைக்கவில்லை. தொண்டையில் இருந்த அளவு போய்விட்டது.

மூன்றாம் சரணம் தொடங்கியது. கிரேஸ் புத்தகத்தின் ஓரத்தில், 'இராகம்: மோகனம்' என்று போட்டிருந்த வரிக்குப் பக்கத்தில், இடது கைப் பெருவிரல் நகத்தை வைத்தாள். ஷட்ஜம். ரிஷபம். சபை எகிறியது. அவள் நகம் காகிதத்தில் மெல்ல நகர்ந்தது. ஜனங்கள் மூச்சுப் பிடித்து நின்ற வரைக்கும் நகர்ந்து, அவர்கள் இறங்கிய இடத்தில் அழுத்தி நின்றது. ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கால் கட்டைவிரல் ஆடாமல் கிடந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

நாளைக்கு லேபில் புது மேஜை காத்திருக்கும். முதல் வேலையாக டின்னிலிருந்து அந்த நாலு துண்டையும் பிய்க்க வேண்டும், வைண்டிங்கில் மணியம்மாளிடம் கெஞ்சி ஒரு நீளத் தகடு வாங்க வேண்டும். முதலாளி மேஜையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். பாட்டில் இன்னும் ஒரு சரணம் மிச்சம் இருந்தது. கிரேஸ் நகத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்து, அளவை ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளக் காத்திருந்தாள்.